விலக்கு ரோட்டுப் பலகையில் ஒரு சாண் இடம்

எங்கள் ஊரில் இருந்து சுடுகாட்டுக்குப் போகிற ரோடு நான் போட்டது. குருவிகுளம் பக்கம் ஓடைக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்த வண்டிப் பாதையை மேடேற்றி, பால் வண்டி போகிற மாதிரி ஆக்கியது நான். பள்ளிக்கூட மைதானத்தில் யானை படுத்திருப்பது போலக் கிடந்த மேட்டைச் சீவி எடுத்து, பிள்ளைகள் கபடி ஆட இடம் பண்ணிக் கொடுத்தது நான். இளையரசனேந்தல் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களில் என் பிளேடு படாத சரள் ரோடு அதிகம் கிடையாது. கோவில்பட்டியில் ஒரு பழைய இரும்புக் கடையில், டயர் இல்லாமல், பிளேடு இல்லாமல், இன்ஜினுக்குள் அணில் கூடு கட்டிக் கிடந்த, ரோட்டைச் சீவி நிரவுகிற கிரேடர் வண்டியை வாங்கி வந்து எழுந்து நடக்க வைத்ததும் நான்தான். லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி அதற்குப் பிளேடு முனை வைத்தேன். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பிறகு அதே வண்டிக்காக என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். என் அப்பா விட்டுப்போனது ஒரு சம்பட்டி மட்டும். மூன்றாம் வகுப்போடு கல் உடைக்கப் போனவன் நான். பலகையில் இருப்பதை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதையும் நானேதான் எழுதினேன். பிழை திருத்தியது மட்டும் என் மகள்.

பலகை என்று சொன்னேன் அல்லவா, இந்தக் கதையே அந்தப் பலகையைப் பற்றியதுதான். கரிவலம்வந்தநல்லூர் மெயின் ரோட்டில் இருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில், சிமெண்டில் செய்து மஞ்சள் அடித்த ஒரு பலகை நிற்கிறது. ரோடு எந்தத் திட்டத்தில் போட்டது, எவ்வளவு நீளம், யார் காலத்தில் வந்தது, காண்ட்ராக்டர் யார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. என் பேர் இல்லை.

இல்லாதது எனக்கு முதலிலேயே தெரியும். அது என்னைக் கடித்தது சம்பந்தி வந்த அன்றைக்குத்தான். என் மகளைக் கேட்டு வந்தவர்கள் சங்கரன்கோவிலில் பூ மண்டி வைத்திருக்கிற குடும்பம். பேசி முடித்துக் கிளம்பும்போது, விலக்கு வரை வழியனுப்பலாம் என்று நானும் அவர்கள் காரில் ஏறிக்கொண்டேன்.

“வண்டி அலுங்கவே இல்லையே அண்ணாச்சி. மடியில டீ கிளாஸ வச்சுட்டுப் போலாம் போலுக்கு” என்றார் சம்பந்தி.

“நான் போட்ட ரோடுல்லா” என்றேன்.

“அப்படியா!” என்று அவர் முகம் விரிந்ததைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. விலக்கு வந்தது. எனக்கு இறங்க வேண்டிய இடம். மனிதர் என்னோடு தானும் இறங்கிப் பலகைக்கு முன்னால் போய் நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையை வாசிக்கிற மாதிரி முதல் வரியில் இருந்து சத்தமாக வாசித்தார். கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு, பலகைக்குப் பின்பக்கமும் போய் எட்டிப் பார்த்தார்.

“உங்க பேரு எங்கன இருக்கு?”

“அதுல இருக்காது. நான் சப் காண்ட்ராக்டு.”

“ஓ” என்றார். அந்த ஓவை அவர் இழுத்த இழுப்பு இருக்கிறதே. காருக்குள் இருந்து அவர் வீட்டுக்காரம்மா, “வெயிலு ஏறுது, வாங்க. பேரு இல்லாட்டா என்ன, ரோடு இருக்குல்லா” என்றாள். அந்தம்மா நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குத்தான் அது நல்லதாகக் கேட்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. என் பெண்ணை ஏற்றுக்கொண்டார்கள். என் பேச்சை ஏற்றுக்கொள்ளவில்லை. மண்டபத்தில் சம்பந்தி தன்னுடைய சொந்தக்காரர்களிடம் என்னைக் காட்டிச் சொன்னது இப்படி: “அந்த ரோட்ட நான்தான் போட்டேன்னு சொல்லுவாங்கன்னு சொன்னேன்லா, அவங்கதான்.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஆகவே அந்த ரோடு எப்படி வந்தது என்று எழுதியாக வேண்டும்.

எங்கள் ஊர் கரிசல். வெயில் காலத்தில் கால் போகிற அளவுக்குப் பிளந்து கிடக்கும். மழை பெய்தால் அதே மண் செருப்பில் ஒட்டி ஒட்டி ஒவ்வொரு காலும் உலக்கை கனம் கனக்கும். அதன் மேல் முன்னால் யாரோ எப்போதோ கொட்டிய சரள் ரோடு ஒன்று இருந்தது. பேருக்குத்தான் ரோடு. நடு பள்ளமாகி, ஓரம் மேடாகி, மழைத் தண்ணீர் அதிலேயே ஓடை மாதிரி ஓடும். மினி பஸ்காரன் விலக்கிலேயே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். அந்த ரோட்டைக் கிளறி, சரி பண்ணி, புதுச் சரள் போடுவதற்கு வேலை வந்தது. வேலையை எடுத்த காண்ட்ராக்டர் டவுன்காரர். அவரிடம் கிரேடர் கிடையாது. “அண்ணாச்சி, நீங்களே பாத்து முடிச்சிருங்க” என்று வாய் வார்த்தையாக என்னிடம் விட்டார். அந்த வட்டாரத்தில் எல்லா வேலையும் அப்படித்தான் கை மாறும். நானும் அப்படித்தான் இத்தனை ரோடும் போட்டேன்.

சரள் ரோடு போடுவதை, மண்ணைக் கொட்டி நிரவுவது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சொல்கிறேன். ரோட்டுக்கு முதுகு வேண்டும். நடு உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சரிவு. ஆனால் ஒரு சொம்பு தண்ணீரை நடுவில் ஊற்றினால் அது யோசிக்காமல் ஓரத்துக்கு ஓட வேண்டும். பிளேடைக் கொஞ்சம் சாய்த்து ஒரு ஓரத்தில் இருந்து மண்ணை நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். திரும்பி மறு ஓரத்தில் இருந்து அதே மாதிரி தள்ளிக்கொண்டு வர வேண்டும். நடுவில் வரப்பு மாதிரி ஒன்று சேரும். அதைப் பிறகு பிளேடைத் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் விரிக்க வேண்டும். தூக்குகிற உயரத்தைச் சீட்டில் உட்கார்ந்திருக்கிற என் இடுப்பு சொல்லும். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்த ஆள் கிடையாது. பிளேடு சொல்லிக் கொடுத்தது.

பழைய ரோட்டைக் கிளறியாயிற்று. முதுகு எடுத்தாயிற்று. புதுச் சரள் வந்து கொட்டி, விரித்து, தண்ணீர் லாரி நனைத்துக்கொண்டே வந்தது. இனிமேல் ரோலர் ஓட வேண்டும். அன்றைக்குப் பார்த்துக் காண்ட்ராக்டர் ரோலரை வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். “ரெண்டு நாள்ல வந்துரும் அண்ணாச்சி” என்றார். அவருடைய ரெண்டு நாள் எனக்குத் தெரியும். வானத்தைப் பார்த்தேன். மாசி மாதம்தான், ஆனால் மேற்கே மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு நின்றது. இறுகாத சரள் மேல் ஒரு மழை விழுந்தால், சரளும் கரிசலும் கலந்து களியாகிவிடும். அத்தனை லோடும் வீண்.

அந்த எரிச்சலில் நான் நிற்கும்போதுதான் ஒரு செம்மறி ஆட்டு மந்தை என் புது ரோட்டைக் குறுக்கே கடந்து போனது. மந்தைக்குப் பின்னால் வந்தவர், மக்காச்சோளம் அறுத்த காடுகளில் உரத்துக்காக ஆட்டுக் கிடை மறித்துக்கொண்டு வந்த கீதாரி. என் வயசுதான் இருக்கும். தலையில் துண்டு, தோளில் கம்பு, வாயில் வெற்றிலை. நான் கத்தினேன்.

“ஓய்! கண்ணு தெரியலையா வே? ரோடு போட்டுக் கெடக்கு, அதுல ஆட்டப் பத்திட்டுப் போறீரு!”

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார். “ரோடா? நான் உழுது போட்ட காடுன்னுல்லா நெனைச்சேன்.”

“நக்கலு பண்ணாதீரும்.”

“நக்கலு என்ன வே. என் ஆடே தடுமாறுது. இதுல பஸ்ஸு வரும்ங்கீரு.”

மந்தை போய்விட்டது. போன இடம் முழுவதும் குளம்புக் குழி. சீவினது அத்தனையும் கெட்டது என்று அவரை வைதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் தண்ணீர் லாரி அந்த வழியாக வந்தது. வந்த இடமெல்லாம் டயர் பதிந்து தடம் விழுந்தது. ஆடு கடந்த இடத்தில் மட்டும் தடம் இல்லை. டிரைவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். இறங்கிப் போய்க் குதிகாலை ஊன்றிப் பார்த்தேன். இரண்டு எட்டு தள்ளிப் பார்த்தால் குதிகால் இறங்கியது. ஆடு மிதித்த இடத்தில் இறங்கவில்லை. சின்னக் குளம்பு, மேலே ஆட்டின் கனம் முழுவதும். ரோலர் மேலே இருந்து நசுக்கும், குளம்பு உள்ளே போய்க் குத்தி இறுக்கும். அதை அந்த இடத்தில் நின்று கண்டுபிடித்த ஆள் நான்.

கிடை போட்டிருந்த காட்டுக்கு நேராகப் போனேன். முந்தின நாள் வைத ஆளிடமே போய் நிற்பது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. கெஞ்சவில்லை. பேசினேன்.

“உம்ம ஆட்ட என் ரோட்டுல நடத்தணும்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நேத்து நடத்துனதுக்கு வைதீரு. இன்னைக்கு நடத்தலன்னு வையுதீரா?”

“வையல வே. கேக்குதேன்.”

“எதுக்கு?”

“மண்ணு இறுகுதுக்கு.”

அவர் பக்கத்தில் படுத்திருந்த கிடாவிடம் திரும்பி, “கேட்டியால? உனக்கு ரோலரு வேலை போட்டுக் குடுக்காக” என்றார். பிறகு என்னிடம், “சரளு குத்தி என் ஆட்டுக் காலு தேஞ்சா, நீரு லாடம் அடிச்சுக் குடுப்பீரா?” என்று கேட்டார்.

பேச்சு அதற்கப்புறம் கிணறு பக்கம் திரும்பியது. சுற்றிலும் கிணறுகள் வற்றிக் கிடந்தன. அத்தனை ஆட்டுக்கும் தண்ணீர் காட்ட அவர் தினமும் வெகுதூரம் பத்திக்கொண்டு போய்வர வேண்டியிருந்தது. என்னிடம் தண்ணீர் லாரி இருந்தது. வேலை முடிகிற வரை தொட்டி நிறையத் தண்ணீர் என் பொறுப்பு, நடப்பது ஆட்டின் பொறுப்பு என்று முடிவாயிற்று. காசுப் பேச்சே கிடையாது.

ஆனால் ஆடு ரோட்டில் சும்மா நடக்குமா? வெறும் சரளில் போய்விட்டுத் திரும்பி வா என்றால் அதற்கு என்ன தலையெழுத்து? அதற்கு வழி சொன்னது கீதாரி, அதை நான் மறைக்கவில்லை. ரோட்டின் ஒரு முனையில் தண்ணீர்த் தொட்டியை வைக்கச் சொன்னார். மறு முனையில் உடை என்கிற முள் மரத்தின் காய்ந்த நெற்றை உலுக்கிக் குவித்தார். தின்றால் தண்ணீர் தவிக்கும், குடித்தால் பசிக்கும் என்பது அவர் கணக்கு. மந்தை நெற்றைத் தின்றுவிட்டுத் தண்ணீருக்கு ஓடியது, தண்ணீரைக் குடித்துவிட்டு நெற்றுக்கு ஓடியது. பகல் முழுவதும் இதே வேலை.

ஒரு குறை இருந்தது. ஆடு ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நடு ரோட்டில்தான் போயிற்று. ஓரம் இறுகவில்லை. நடுவில் மட்டும் மிதிபட்டால் நான் எடுத்த முதுகு அமுங்கிப் பள்ளமாகிவிடும், பழைய கதைதான். அதற்கு நான் ஒரு வேலை செய்தேன். கருவேல முள்ளை வெட்டி வந்து ரோட்டு நடுவில் நீளத்துக்குப் போட்டேன். மந்தை இரண்டாகப் பிரிந்து இரண்டு ஓரத்திலும் போனது. ஓரம் இறுகின பிறகு முள்ளை எடுத்துவிட்டு நடுவை மிதிக்க விட்டேன். கீதாரியே பார்த்துவிட்டு, “பரவாயில்ல வே, உமக்கும் ஆடு மேய்க்க வருது” என்றார். என்னை யாரும் அப்படிப் பாராட்டினதில்லை.

இன்ஜினியரம்மா வந்தது அந்த நேரத்தில்தான். கடையநல்லூர்ப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. ஜீப்பை விட்டு இறங்கினவள் முன்னால் மந்தை, நடுவில் முள், எங்கே பார்த்தாலும் புழுக்கை.

“என்ன அண்ணாச்சி, ரோடு போடச் சொன்னா ஆடு மேய்க்கீங்க?”

“ரோலர் இல்ல மேடம். அதான் இது.”

“எஸ்டிமேட்ல ஆடு இல்லையே” என்றாள். சிரிக்கிறாளா கோபப்படுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவள் வைதுவிட்டு ஜீப்பில் ஏறிப் போகிறவள் இல்லை. ரோட்டில் மூன்று நான்கு இடத்தில் குழி தோண்டச் சொன்னாள். தோண்டின மண்ணை எடை போட்டாள், குழிக்குள் மணலை ஊற்றி அளந்தாள், அங்கேயே குந்தி உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள். அதுவரைக்கும் கீதாரியும் நானும் பரீட்சை எழுதின பிள்ளைகள் மாதிரிப் பக்கத்தில் நின்றோம்.

“அடியில நல்லா இறுகிருக்கு. நான் இத எதிர்பாக்கல” என்றாள். என் மீசைக்குக் கை போயிற்று. உடனே அவள், “மேல அப்படி இல்ல. பாருங்க, குளம்புக் குழி எல்லாம் வாயத் தொறந்துட்டு இருக்கு. மழை பெஞ்சா தண்ணி அதுல நின்னு உள்ள எறங்கும். மேல் பூச்சு மாதிரி ரோலர் ஓடியே ஆகணும்” என்றாள். எனக்கும் அந்த நினைப்பு இருந்தது, அவள் முந்திக்கொண்டாள். சரி, அவள்தான் சொன்னாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கேயே நின்று காண்ட்ராக்டருக்குப் போன் போட்டாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. “இன்னைக்கு சாயங்காலம் ரோலர் இங்க நிக்கணும். இல்லன்னா ஆடு போட்ட ரோடுன்னே நான் ரிப்போர்ட் எழுதிருவேன்” என்றாள். சாயங்காலம் ரோலர் வந்து நின்றது. நான் குழிகளை மூட மேலாக்க ஒரு தடவை பிளேடு ஓட்டினேன். தண்ணீர் தெளித்தோம். ரோலர் ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு வந்தது. முடிந்த பிறகு நான் ஒரு சொம்புத் தண்ணீரை நடுவில் ஊற்றினேன். இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் ஓடியது. மறுநாளைக்கு மறுநாள் அந்த மலைப் பக்கத்து மேகம் வந்து கொட்டித் தீர்த்தது. ரோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் பார்த்துவிட்டது. இப்போது மினி பஸ் ஊருக்குள் கோயில் வாசல் வரை வந்து திரும்புகிறது.

பலகை அதற்கப்புறம் வந்தது.

கல்யாணத்தில் சம்பந்தி அப்படிச் சொன்ன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. முதலில் காண்ட்ராக்டரைப் பார்க்கப் போனேன். மரியாதையாகத்தான் உட்கார வைத்தார், டீ வாங்கிக் கொடுத்தார். “அண்ணாச்சி, உங்க வேலைய யாரு இல்லைன்னா? ஆனா பேப்பர்ல நான்தானே. நாளைக்கு ரோட்டுல குழி விழுந்தா உங்களையா பிடிப்பான்? என்னையத்தான் பிடிப்பான்” என்றார். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழி விழவில்லையே. விழாததற்கு யாரைப் பிடிப்பார்கள்?

அடுத்து ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர், “பலகைக்கு ஒரு ஃபார்மேட் இருக்கு அண்ணாச்சி. இந்தந்த வரிதான் எழுதணும்னு மேல இருந்து வரும். பிளேடு ஓட்டுனவங்க பேரு எழுதணும்னா, அப்பம் தண்ணி லாரி டிரைவரு, கொத்தனாரு, சித்தாளு எல்லாம் வந்து நிப்பாங்கள்லா?” என்றார்.

“நிக்கட்டும். எழுதுங்க” என்றேன். அவர் சிரித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார்.

சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று கீதாரியைத் தேடிப் போனேன். அவர் அப்போது இளையரசனேந்தல் பக்கம் கிடை போட்டிருந்தார். அங்கே டீக்கடையில் ஆட்கள் சூழ உட்கார்ந்திருந்தார். நான் பைக்கை நிறுத்துகிறேன், அவர் பேச்சு காதில் விழுகிறது: “அந்தக் கரிவலம் விலக்கு ரோடு என் ஆடு போட்டதுல்லா! இன்ஜினியரம்மாவே வாயத் தொறந்து சொல்லிட்டாக. ஆடு போட்ட ரோடுன்னு.”

“வே! அப்பம் நான் என்ன போட்டேன்?” என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்து, கொஞ்சமும் கூச்சம் இல்லாமல், “நீரு முள்ளு போட்டீரு” என்றார்.

கடை முழுவதும் சிரித்தது. “முள்ளு போட்ட அண்ணாச்சிக்கு ஒரு டீ குடுப்பா” என்று ஒருவன் சொன்னான். நான் டீயைக் குடித்தேன். குடித்துவிட்டுச் சொன்னேன்: “அடியில கெடக்க முதுகு யாரு எடுத்தது? ஆட்டுக்கு இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போன்னு சொன்னது யாரு? முதுகு இல்லாத ரோட்ட உம்ம ஆடு எத்தன நாளு மிதிச்சாலும், பள்ளத்தத்தான் நல்லா இறுக்கிக் குடுக்கும்.”

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். “அது சரிதான் வே. முதுகு உம்மதுதான். நான் எங்கன வேணும்னாலும் வந்து சொல்லுதேன். ஆனா என் ஆட்டையும் சொல்லுவேன்.”

“சொல்லும். யாரு வேண்டாம்ங்கா.”

இன்ஜினியரம்மாவுக்கு இடையில் வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது. போன் நம்பரை வாங்கிப் பேசினேன். என் குரலைக் கேட்டதுமே, “அண்ணாச்சி, ஆடு எல்லாம் சௌக்கியமா?” என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். “அந்த ரோட்டு கேம்பர், அதான் நீங்க சொல்ற முதுகு, நீங்க எடுத்தது. யாரு கேட்டாலும் நான் சொல்லுவேன். ஆனா பலகையில எழுத எனக்கு அதிகாரம் இல்ல அண்ணாச்சி” என்றாள். அவள் சொன்னது எனக்கு ஆறுதல்தான். ஆனால் ரோட்டில் போகிற வருகிறவர்கள் எல்லாம் அவளுக்குப் போன் போட்டா கேட்கப் போகிறார்கள்? பலகையைத்தான் வாசிப்பார்கள். என் சம்பந்தியும் பலகையைத்தான் வாசித்தார்.

சமயத்தில் சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு விலக்குக்குப் போய்ப் பலகை முன்னால் நிற்பதுண்டு. நான் நிற்பதைப் பார்த்தால் மினி பஸ் டிரைவர் வேண்டுமென்றே ஹாரன் அடித்துக்கொண்டு போவான். எல்லா வரியும் முடிந்த பிறகு, பலகையின் அடியில் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மஞ்சளாக இடம் கிடக்கிறது. எழுத ஒன்றும் இல்லாமல் விட்ட இடம். என் ஷெட்டில் கறுப்புப் பெயிண்டு இருக்கிறது, பிரஷ் இருக்கிறது. கிரேடர் கதவில் நம்பர் எழுதினது நான்தான். கோணலாக இருந்தாலும் வாசிக்க முடியும். எழுதிவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு நாள் பெயிண்டு டப்பாவோடு போகவும் செய்தேன். மூடியைத் திறக்கவில்லை. நானே எழுதினால் அது நான் என்னைப் பற்றிச் சொல்வதுதான். அதை நான் வாயாலேயே போதுமான அளவுக்குச் சொல்லிவிட்டேன், சம்பந்தி சிரித்துவிட்டார். எழுத வேண்டியவர்கள் எழுத வேண்டும்.

அதனால் கேட்கிறேன். ஊராட்சி ஆபீசில் இருக்கிறவர்கள், காண்ட்ராக்டர், மேலே ஃபார்மேட் அனுப்புகிறவர்கள், யார் இதை வாசித்தாலும் சரி. இருக்கிற பேர் எதையும் அழிக்க வேண்டாம். அந்த ஒரு சாண் இடத்தில், கிரேடர் வைத்து இந்த ரோட்டுக்கு முதுகு எடுத்தவர் என்று போட்டு என் பேரை எழுதுங்கள். ரோலரைக் கொண்டு வந்தது இன்ஜினியரம்மா, அவள் பேரையும் எழுதுங்கள். இடம் மிஞ்சினால் கீழே ஒரு ஆடு வரைந்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என் பேர் ஆட்டுக்கு மேலே இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். சம்பந்தியை மண்டியில் இருந்து காரில் கூட்டிக்கொண்டு வருகிற பொறுப்பு என்னுடையது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் முதல் வரியில் இருந்து சத்தமாக வாசிக்கட்டும்.